எழுத்தைப் படமாக்காதீர்கள்

"கம்ப்யூட்டரில் தமிழ்ப் பிரச்சினை எப்போதோ தீர்ந்துவிட்டது சார், இன்னும் எதற்குப் பழங்கதை?" என்று கேட்பவர்கள் அதிகமாகிவிட்டார்கள். தீரவில்லை என்பதுதான் என் கட்சி. நம்பாதவர்கள் பழவேற்காட்டுப் பக்கம் ஒருமுறை வாருங்கள். கோட்டைக்குப்பத்திலோ கூனங்குப்பத்திலோ மீன்பிடிக்கும் யாராவது ஒருவரின் செல்போனை வாங்கி, அவருக்கு வந்திருக்கும் அறிவிப்புகளைப் பாருங்கள். எல்லாம் போட்டோ. தட்டச்சு செய்து, அச்செடுத்து, முத்திரை குத்தி, அதைக் கோணலாகப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பியிருப்பார்கள். அதில் ஒரு சொல்லைத் தேட முடியாது. ஒரு வரியை எடுத்து மனுவில் சேர்க்க முடியாது. பார்வையில்லாதவருக்குப் படித்துக் காட்டும் மென்பொருள் அங்கே ஊமையாகிவிடும்.

எழுத்து வேறு, எழுத்தின் படம் வேறு. இந்த வித்தியாசத்தை எனக்குக் கற்றுக்கொடுத்தது எந்த அரசுப் பயிற்சியும் அல்ல. மலிவான ஒரு டெக்ஸ்ட் எடிட்டர்.

நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன். ஓர் அரசு அலுவலகத்தில் குமாஸ்தாவாகச் சேர்ந்து, வேலை நிமித்தம் இந்த ஏரிக்கரைக்கு வந்து, இங்கேயே தங்கிவிட்டேன். எண்பதுகளின் பின்பாதியில் ஸ்பெக்ட்ரம் என்ற வீட்டுக் கம்ப்யூட்டர் ஒன்று கைக்கு வந்தது. கிளைவ் சின்க்ளேர் 1982இல் இங்கிலாந்தில் வெளியிட்ட இயந்திரம் அது. நினைவகம் 48 கே. திரைக்கு டி.வி., சேமிக்க டேப் ரெக்கார்டர். அதில் ஓடும் டாஸ்வேர்ட் என்ற எடிட்டர் அங்கே 13 பவுண்டு 90 பென்ஸ்தான். அதே காலத்தில் அலுவலகங்கள் கொண்டாடிய வேர்ட்ஸ்டார், அமெரிக்காவில் 495 டாலருக்கு விற்பனைக்கு வந்த சரக்கு.

ஸ்பெக்ட்ரம் திரையில் இயல்பாக ஒரு வரிக்கு 32 எழுத்துதான். டாஸ்வேர்ட் எழுத்துகளை ஒடுக்கி 64 ஆக்கிக் காட்டும். கண் வலிக்கும், ஆனால் ஒரு கடிதத்தை முழு வரியாகப் பார்த்து அடிக்கலாம், திருத்தலாம், கேசட்டில் போட்டு வைக்கலாம். கேசட்டில் பதிவாவது என்ன? வெறும் எண்கள். ஆங்கிலப் பெரிய 'ஏ' என்றால் 65, 'பி' என்றால் 66. எந்த எண் எந்த எழுத்து என்பது உலகத்துக்கே தெரிந்த அட்டவணை. அதனால் அன்று அடித்த ஆங்கிலக் கடிதத்தை இன்றும் எந்தக் கம்ப்யூட்டரிலும் எழுத்தாகவே திறக்கலாம்.

தமிழ்? டாஸ்வேர்டில் தமிழ் இல்லை. ஆனால் ஸ்பெக்ட்ரமின் பேசிக் மொழியில் நாமே எழுத்து வரைந்துகொள்ளலாம். ஓர் எழுத்துக்கு 8க்கு 8 புள்ளிக் கட்டம். தனியாக வரைய 21 இடம் உண்டு. 18 மெய்க்கே அது சரியாய்ப் போயிற்று. மீதி மூன்று இடத்தில் கால், கொம்பு, சுழி, உயிரெழுத்து எல்லாம் எப்படி உட்காரும்? அதற்கும் வழி இருந்தது. ஆங்கில எழுத்துகளின் வடிவங்களை நினைவகத்தில் எங்கிருந்து எடுப்பது என்று சொல்லும் முகவரியை மாற்றினால், ஆங்கிலம் இருந்த 96 இடங்களிலும் தமிழை வைக்கலாம். வைத்தேன். 'ட' அழகாக வந்தது. 'ண'வும் 'ஞ'வும் நசுங்கிப் போயின.

பாடு முறை பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். ஏரியில் எந்த நாளில், எந்த இடத்தில், யார் வலை கட்டுவது என்பதை முறை வைத்துப் பிரித்துக்கொள்ளும் ஊர்க்கட்டு அது. அந்தப் பெயர்ப் பட்டியல்தான் ஒரு குடும்பத்தின் சோறு. பெரியவர் ஒருவர் தன் நோட்டைக் கொண்டுவந்தார். நான் பட்டியலை அடித்து டி.வி.யில் காட்டினேன். கிட்டே வந்து பார்த்தார்.

"சார், இதுல என் பேரு இருக்குதுங்களா?"

"இருக்குதண்ணே. எழுத்துதான் கொஞ்சம் நசுங்கிப்போச்சு."

"பேரு இருந்தா போதும் சார். அழகு எதுக்கு?"

நான் செய்த இன்னொரு காரியம்தான் இந்தக் கட்டுரைக்கு முக்கியம். எந்த ஆங்கில எழுத்தின் இடத்தில் எந்தத் தமிழ் எழுத்தை வைத்தேன் என்று ஒரு தாளில் எழுதி, கேசட் பெட்டிக்குள் மடித்து வைத்தேன். குமாஸ்தா புத்தி, சாவியைப் பூட்டோடு வைப்பது. பல வருஷம் கழித்து, கேசட்டின் ஒலியைக் கம்ப்யூட்டருக்குள் வாங்கி, அந்தத் தாளைப் பார்த்து முழுப் பட்டியலையும் யூனிகோடுக்கு மாற்ற எனக்கு ஒரு சாயங்காலம் போதுமானதாக இருந்தது.

இப்போது தொண்ணூறுகளுக்கு வாருங்கள். அலுவலகங்களில் விலை உயர்ந்த தமிழ் மென்பொருள்கள் வந்து இறங்கின. பிரிண்டர் செருகும் இடத்தில் ஒரு பூட்டுக்கட்டை மாட்டினால்தான் ஓடும். எழுத்துகள் கல்யாணப் பத்திரிகை போல அழகு. உள்ளே நடந்தது என்னவோ நான் ஸ்பெக்ட்ரமில் செய்த அதே வேலை: ஆங்கில எண்களின் இடத்தில் தமிழ் வடிவங்கள். ஆனால் அட்டவணையை வெளியே சொல்லமாட்டார்கள். ஒரு கம்பெனியின் கோப்பை இன்னொரு கம்பெனியின் எழுத்துரு திறக்காது. நான் பார்த்த ஓர் அலுவலகத்தில், அந்த மென்பொருள் நின்றுபோன பிறகு, ஒரு டப்பா நிறைய ஃபிளாப்பி குப்பைக்குப் போயிற்று. மீனவர் மனுக்களுக்கு எழுதிய பதில்களும் கூட்ட நடவடிக்கைக் குறிப்புகளும் அதில் இருந்தன. திறந்தால் ஆங்கில எழுத்தும் கோடும் புள்ளியுமாய் இரைச்சல்.

பழவேற்காட்டில் டச்சுக்காரர்கள் 1613இல் ஜெல்டிரியா கோட்டையைக் கட்டினார்கள். அவர்களுடைய கல்லறைகளில் 17ஆம் நூற்றாண்டில் வெட்டிய எழுத்தை இன்றும் படிக்கலாம். நம்முடைய 1995ஆம் வருஷத்துக் கோப்பைப் படிக்க முடியாது. இதற்குப் பெயர் வளர்ச்சியா?

"மலிவாகவும் இலவசமாகவும் வந்தவை மட்டும் என்ன வாழ்ந்தன? ஆளுக்கொரு எழுத்துரு, ஆளுக்கொரு விசைப்பலகை என்று குழப்பியது அவர்களும்தானே?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. கனடாவிலிருந்து சீனிவாசனின் ஆதமி, மலேசியாவிலிருந்து முத்து நெடுமாறனின் முரசு அஞ்சல், சுவிட்சர்லாந்திலிருந்து கல்யாணசுந்தரத்தின் மயிலை என்று வெவ்வேறு வழிகள் இருந்தது உண்மை. ஆனால் அந்த உலகத்தில் அட்டவணைகள் பேசப்பட்டன. எந்த எழுத்துக்கு எந்த எண் என்று பல நாட்டுத் தமிழர்கள் பகிரங்கமாகச் சண்டை போட்டு, திஸ்கி என்ற பொது ஏற்பாட்டுக்கு வந்தார்கள். பலன்? 1998 பொங்கலன்று கல்யாணசுந்தரம் தொடங்கிய மதுரைத் திட்டத்தில் தன்னார்வலர்கள் அடித்துச் சேர்த்த நூல்கள் பின்னால் யூனிகோடுக்கு மாறி, இன்றும் இலவசமாகக் கிடைக்கின்றன. சம்பளம் வாங்காமல் அடித்தது பிழைத்தது. டெண்டர் விட்டு அடித்தது செத்தது. பணத்தால் வந்த வித்தியாசம் அல்ல இது. அட்டவணையைத் திறந்து வைத்ததால் வந்தது.

மொழிக்குப் பெரிய அரசாங்கம் இருந்தால் தப்பிக்கலாம் என்றும் நினைக்காதீர்கள். பிரெஞ்சு மொழிக்கு எவ்வளவு காவல் என்று எனக்குத் தெரியும். அப்படியும் 1987இல் வந்த ஐ.எஸ்.ஓ. 8859-1 அட்டவணையில், 'ஓ'வும் 'இ'யும் ஒட்டி எழுதும் பிரெஞ்சு எழுத்துக்கு இடமில்லாமல் போயிற்று. இதயம், முட்டை, கண், சகோதரி ஆகிய நான்கு சொல்லையும் பள்ளியில் எனக்குச் சொல்லிக்கொடுத்தபடி அதில் எழுத முடியாது. 1999இல் வந்த இன்னொரு அட்டவணையில்தான் அது சேர்ந்தது. ஆனாலும் பிரெஞ்சுக் கோப்புகள் குப்பைக்குப் போகவில்லை. குறை எது என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது, சரிசெய்தார்கள்.

தமிழுக்கு யூனிகோடில் 1991இலேயே இடம் கிடைத்தது. 128 இடம் போதாது, மெய்யெழுத்துக்கு இரண்டு எண் செலவாகிறது என்ற வருத்தம் நம்மவர்களுக்கு உண்டு. எனக்கும் உண்டு. 2010இல் தமிழக அரசு யூனிகோடையும் தமிழ் அனைத்தெழுத்துக் குறியீட்டையும் தரமாக அறிவித்தது. அது நல்ல காரியம். ஆனால் ஆணை போட்ட பிறகும் எழுத்தை அச்சடித்துப் படமெடுத்து அனுப்பினால் ஆணைக்கு என்ன அர்த்தம்?

2020இல் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு வரைவு அறிவிக்கை வந்தபோது, அதை எட்டாவது அட்டவணையின் 22 மொழிகளிலும் பெயர்க்க வேண்டும் என்று தில்லி உயர் நீதிமன்றம் சொல்ல வேண்டியிருந்தது. கடலையும் ஏரியையும் நம்பிய ஊர்களுக்கு இப்படிப்பட்ட காகிதங்கள் உயிர்ப் பிரச்சினை. தமிழில் கேட்பதோடு நிறுத்தக் கூடாது. தேடக்கூடிய தமிழில் கேட்க வேண்டும். நூற்றுக்கணக்கான பக்கப் படத்தில் தன் ஊர்ப் பெயர் எங்கே என்று ஒரு மீனவர் எத்தனை ராத்திரி தேடுவார்?

"படத்திலிருந்து எழுத்தை எடுக்க இப்போது கருவி வந்துவிட்டதே" என்பார் பேரன் வயதுக்காரர். வந்திருக்கிறது, நானும் பயன்படுத்துகிறேன். அது எழுத்தை ஊகிக்கிறது. புல எண்ணில் 3ஐ 8 என்று ஊகித்தால் நிலம் கைமாறிப் போகும். மூலப் பிரதி தொலைந்த இடத்தில் ஊகம் சரி. கையில் எழுத்தை வைத்துக்கொண்டே படமாக்கிவிட்டு, பிறகு ஊகிக்கச் சொல்வது அநியாயம்.

ஆகவே நான் கேட்பது மூன்று. மக்களுக்குப் போகும் தமிழ் அறிவிப்பு எதுவானாலும், முத்திரை வைத்த படத்தோடு யூனிகோடு எழுத்துக் கோப்பையும் சேர்த்தே அனுப்ப வேண்டும். மீனவர் கூட்டுறவுச் சங்கமும் ஊர்க்கூட்டமும் தீர்மானங்களை நோட்பேட் போன்ற சாதாரண எடிட்டரில் அடித்து வைக்க வேண்டும், அலங்காரம் வேண்டாம். குப்பத்துப் பள்ளிப் பிள்ளைகளுக்குத் தமிழ்99 விசைப்பலகையைச் சொல்லித்தர வேண்டும். எடிட்டரும் இலவசம், விசைப்பலகை மென்பொருளும் இலவசம்.

உங்கள் பரணில் பழைய எழுத்துருவில் அடித்த தமிழ்க் கோப்பு ஏதாவது கிடந்தால், அந்த எழுத்துருவைத் திறக்கத் தெரிந்தவர் உயிரோடு இருக்கும்போதே மாற்றி வையுங்கள். என் வயதுக்காரர்கள் நாளுக்கு நாள் குறைந்துகொண்டு வருகிறோம்.