மட்கார்டு இல்லாத சைக்கிளா? வேண்டாம்!

மழை விட்ட மறுநாள் காலையில் மேற்குத் தாம்பரம் முடிச்சூர் சாலையில் ஐந்து நிமிடம் நின்று பாருங்கள்.

பள்ளிக்கூடம் போகும் பையன்கள் சைக்கிளில் பறப்பார்கள். வெள்ளைச் சட்டை பளிச்சென்று இருக்கும். அது முன்பக்கம்! பையன் உங்களைக் கடந்து போனதும் பின்பக்கத்தைப் பாருங்கள். இடுப்பிலிருந்து பிடரி வரை கோடு இழுத்தாற்போல் சேறு. புத்தகப் பையிலும் சேறு. பைக்குள் இருக்கும் நோட்டுப் புத்தகத்தின் கதியைக் கேட்க வேண்டாம்.

அவன் ஓட்டுவது என்ன சைக்கிள்? பெரும்பாலும் "கியர் சைக்கிள்" என்று பிள்ளைகள் சொல்லும் மலை சைக்கிள். குண்டு டயர். முன்னால் ஷாக் அப்சார்பர். டிஸ்க் பிரேக். அப்பா பத்தாயிரம் ரூபாய்க்கு மேல் கொடுத்து வாங்கியது. எல்லாம் இருக்கிறது. மட்கார்டு மட்டும் இல்லை!

அதே சாலையில் ஒரு பெண் பிள்ளையும் வருகிறது. அது ஓட்டுவது அரசாங்கம் கொடுத்த இலவச சைக்கிள். 2001-ம் ஆண்டில் ஆதிதிராவிட, பழங்குடி மாணவிகளுக்கு என்று தொடங்கிய திட்டம் அது. பிறகு மற்ற மாணவ, மாணவிகளுக்கும் வந்தது. அந்தச் சைக்கிளில் முன்னும் பின்னும் மட்கார்டு உண்டு. அந்தப் பிள்ளையின் முதுகில் ஒரு பொட்டுச் சேறு இல்லை.

பணம் கொடுத்து வாங்கியவன் முதுகில் சேறு. இலவசமாக வாங்கியவள் முதுகு சுத்தம். இது என்ன கூத்து?

மலையில் கழற்றியது

மலை சைக்கிளில் மட்கார்டு இல்லாததற்கு ஒரு கதை உண்டு.

அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்தில் தமல்பாய்ஸ் என்று ஒரு மலை. 1970-களில் அங்கிருந்த இளைஞர்கள் சிலர் பழைய குண்டு டயர் சைக்கிள்களைத் தேடிப் பிடித்து, மலைச் சரிவில் தடதடவென்று இறங்கி விளையாடினார்கள். கல்லும் பள்ளமும் நிறைந்த பாதை. மட்கார்டு ஆடியது, சத்தம் போட்டது, மண் அடைத்துக்கொண்டது. கழற்றி எறிந்துவிட்டார்கள். மலை சைக்கிள் பிறந்தது இப்படித்தான்.

அவர்கள் செய்தது சரிதான். விளையாடினார்கள், சேறானார்கள், வீட்டுக்குப் போய்க் குளித்தார்கள். நம் பையன் எங்கே போகிறான்? டியூஷனுக்குப் போகிறான். அவன் ஏறும் ஒரே மலை தாம்பரம் ரெயில்வே மேம்பாலம்!

நெதர்லாந்து நாட்டைப் பாருங்கள். அடிக்கடி மழை பெய்யும் நாடு. கோட்டுப் போட்ட ஆபீசர்கூட அங்கே சைக்கிளில் போவார். தினசரி ஓட்டும் அந்தச் சைக்கிள்களில் நீளமான மட்கார்டு இருக்கும். கோட்டு நுனி பின் சக்கரத்தில் சிக்காமல் இருக்கப் பக்கத்தில் தடுப்பும் இருக்கும். நம் ஊர் மோட்டார் சைக்கிளில் சேலை சிக்காமல் இருக்கக் கம்பித் தடுப்பு வைக்கிறோமே, அந்த மாதிரி.

அவ்வளவு தூரம் போவானேன்? இதே சென்னையில், அம்பத்தூரில், 1949-ம் ஆண்டு டி.ஐ. சைக்கிள்ஸ் கம்பெனி தொடங்கியது. அந்தக் காலத்துக் கறுப்பு சைக்கிளை வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டுப் பாருங்கள். டயரை முழுக்க மூடிய இரும்பு மட்கார்டு. பின் மட்கார்டின் நுனியில் வெள்ளைப் பெயிண்டு. இருட்டில் லாரி விளக்கு பட்டால் அது பளிச்சென்று தெரியும். தாத்தா வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு ஆபீசுக்குப் போனது அந்தச் சைக்கிளில்தான்.

ஏரிகளின் ஊர்

தாம்பரம் பக்கம் எப்படிப்பட்ட பூமி? சேலையூர் ஏரி, செம்பாக்கம் ஏரி, மாடம்பாக்கம் ஏரி, பீர்க்கன்காரணை ஏரி என்று பக்கத்துக்குப் பக்கம் ஏரி. ஆண்டு முழுவதும் பெய்யும் மழையில் பாதிக்கு மேல் ஐப்பசியை ஒட்டிய மூன்று மாதங்களில் கொட்டிவிடும். 2015-ம் ஆண்டு டிசம்பர் தொடக்கத்தில் ஒரே நாளில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை! அன்று முடிச்சூரில் சைக்கிள் ஓட்ட முடியவில்லை; படகு ஓடியது.

அந்த மாதிரி நாளைப் பற்றி நான் சொல்லவில்லை. அன்று வீட்டில் இருப்பதே நல்லது. நான் சொல்வது மழை விட்ட பிறகு வரும் நாட்களை. சாலைப் பள்ளத்தில் நாலு விரற்கடை தண்ணீர் நிற்கும். அது வெறும் மழைத் தண்ணீரா? சாக்கடை கலந்திருக்கும். எலி மூத்திரமும் கலந்திருக்கும். எலிக்காய்ச்சல் கிருமி காலில் உள்ள புண் வழியாகவும், கண், வாய் வழியாகவும் உடம்புக்குள் போகும். மட்கார்டு போட்டால் காய்ச்சலே வராது என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்தத் தண்ணீரைச் சக்கரமே அள்ளிப் பிள்ளையின் முகத்தில் வீசுவதைத் தடுக்கலாம் அல்லவா?

சாணைச் சக்கரம்

கத்திக்குச் சாணை பிடிப்பவரைப் பார்த்திருப்பீர்கள். சக்கரம் சுற்றும்போது தீப்பொறி எப்படிப் பறக்கிறது? சக்கரம் போகும் திசையிலேயே நேராகப் பறக்கிறது. சைக்கிள் டயரில் ஒட்டிய தண்ணீரும் அப்படித்தான் பறக்கும்.

பின் சக்கரத்துத் தண்ணீர் மேலே எழும்பி முதுகில் அடிக்கும். இது எல்லோருக்கும் தெரியும். ஆகவே பின்னால் மட்டும் ஒரு மட்கார்டு வாங்கி மாட்டுகிறார்கள். முன் சக்கரத்தை யாரும் நினைப்பதில்லை. அது தண்ணீரை முன்னால் தூக்கி வீசும். வேகமாகப் போகிறவன் அந்தத் தண்ணீருக்குள்ளேயே முகத்தைக் கொண்டுபோய் நீட்டுகிறான்! அதே சக்கரத்தின் பின்பக்கம் பெடலிலும் காலிலும் செயினிலும் சேற்றை அடிக்கும். கியர் சைக்கிளில் செயின் கவர் கிடையாது. மணல் கலந்த சேறு செயினையும் பல் சக்கரத்தையும் அரைத்துத் தேய்த்துவிடும்.

என்னைக் கேட்டால், ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் முன் மட்கார்டை வாங்குங்கள் என்பேன். சட்டையைத் துவைத்துவிடலாம். கண்ணைத் துவைக்க முடியாது.

வால் அழகு!

கடையில் கேட்டால் முதலில் எடுத்துக் காட்டுவது சீட்டுக்கு அடியில் மாட்டும் பிளாஸ்டிக் மட்கார்டு. பட்சியின் வால்போல மேலே தூக்கிக்கொண்டு நிற்கும். பிள்ளைகளுக்கு அதுதான் பிடிக்கும். முதுகை ஓரளவு காக்கும்; இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் காலைக் காக்காது. பின்னால் வருகிறவனையும் காக்காது. நம் பிள்ளைகள் கூட்டமாகப் போகிறவர்கள். முன்னால் போகிறவன் சேறு பின்னால் வருகிறவன் வாயில்! தவிர, சீட்டுக்கு அடியில் உள்ள சிவப்பு விளக்கை அந்த வால் மறைத்துவிடுவதும் உண்டு. ஜி.எஸ்.டி. சாலையில் இருட்டில் அது ஆபத்து.

வாங்க வேண்டியது டயரை ஒட்டியே வளைந்து, கம்பி போட்டு இரண்டு பக்கமும் பூட்டும் நீள மட்கார்டு. பின்பக்கத்தில் அது சக்கரத்தின் அச்சு உயரத்துக்காவது இறங்கி வர வேண்டும். நுனியில் ரப்பர் பட்டை தொங்கினால் இன்னும் நல்லது.

பழைய சைக்கிள் மட்கார்டை எடுத்து மாட்டப் பார்க்காதீர்கள். பழைய டயர் ஒன்றரை அங்குல அகலம். மலை சைக்கிள் டயர் இரண்டு அங்குலமும் அதற்கு மேலும் இருக்கும். சக்கர உயரமும் வேறு. டயரின் பக்கத்திலேயே 26, 27.5, 29 என்று எண் போட்டிருக்கும். அதற்குப் பக்கத்தில் அகலமும் இருக்கும். அந்த இரண்டு எண்ணையும் ஒரு சீட்டில் எழுதிக்கொண்டு கடைக்குப் போங்கள். மட்கார்டு டயரைவிட ஒரு சென்டிமீட்டராவது அகலமாக இருக்கட்டும்.

பூட்டுவதில்தான் விஷயமே இருக்கிறது. பின் அச்சுக்குப் பக்கத்தில் பிரேமில் சிறு திருகு ஓட்டை உண்டா என்று பாருங்கள். சில சைக்கிள்களில் இருக்கும், சிலவற்றில் இருக்காது. இல்லாவிட்டால் பட்டை போட்டுப் பிடிக்கும் மட்கார்டு கேளுங்கள். டிஸ்க் பிரேக் இடித்தால் நீள போல்ட்டும் கூடுதல் வாஷரும் போட்டுக் கம்பியை விலக்கச் சொல்லுங்கள்.

டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவே ஒரு விரல் நுழைய வேண்டும். இல்லாவிட்டால் களிமண் அடைத்துக்கொள்ளும். முன்னால் ஷாக் இருந்தால் இன்னும் கவனம் வேண்டும். ஷாக் அமுங்கும்போது சக்கரம் மேலே வரும். கடையிலேயே பையனை ஏற்றி, ஹேண்டில்பாரை அழுத்தச் சொல்லிப் பாருங்கள். டயர் மட்கார்டைத் தொட்டால் அதை வாங்க வேண்டாம். ஆடிக் கழன்ற முன் மட்கார்டு சக்கரத்துக்குள் மடங்கினால் ஓட்டுகிறவன் தலைகுப்புற விழுவான். மாதம் ஒருமுறை திருகாணியை முறுக்கிப் பார்ப்பது அப்பாவின் வேலை.

சைக்கிள் விற்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. ஐயா, வாங்க வருகிறவர் எந்த ஊர் என்று கேளுங்கள். முடிச்சூர் என்றோ செம்பாக்கம் என்றோ சொன்னால் மட்கார்டு போட்டே வண்டியை வெளியே விடுங்கள். அதற்கு ஆகும் சில நூறு ரூபாயையும் விலையிலேயே சேர்த்துச் சொல்லுங்கள். கியருக்குக் கொடுக்கிற அப்பா இதற்கும் கொடுப்பார்.