ஆபரேஷனுக்கு முன் ஒரு பென்சில்

ஆபரேஷனுக்கு நாள் குறித்ததுமே நோயாளியின் தூக்கம் போய்விடுகிறது. முதல் நாள் இரவிலிருந்து வெறும் வயிறு. காலையில் நீண்ட காத்திருப்பு. மும்பையிலும் பெங்களூரிலும் உள்ள தமிழ்த் தொழிலாளி பலருக்கு டாக்டர், நர்ஸ் பேசுவதில் பாதி புரிவதும் இல்லை. இந்தப் பயம் ரத்த அழுத்தத்தையும் நாடித் துடிப்பையும் ஏற்றிவிடும்.

அதைத் தணிக்க ஓவியம் கைகொடுக்கும். 1938-ல் இங்கிலாந்தில் காசநோய் ஆஸ்பத்திரியில் கிடந்த ஓவியர் ஏட்ரியன் ஹில், படம் வரைந்தே மனதைத் தேற்றிக்கொண்டார். பிறகு மற்ற நோயாளிகளையும் வரைய வைத்தார். 1942-ல் "ஓவிய சிகிச்சை" என்று அதற்குப் பெயரிட்டவரும் அவரே. படம் வரைய பாஷை வேண்டாம். கோலம் போட்ட கைக்குப் பென்சிலா பெரிது?

ஆபரேஷன் வார்டுகளில் காகிதமும் வண்ணப் பென்சிலும் வைக்க அரசு ஆஸ்பத்திரிகள் முன்வர வேண்டும். செலவு சொற்பமே. அதுவரை, பார்க்கப் போகும் உறவினர் பழப்பையோடு அவற்றையும் எடுத்துச் செல்லலாம்.