பழைய படகும் சொந்தக் கைவேலையும்

பழைய உல்லாச விசைப்படகு வைத்திருப்போர், மழைக்காலத்தில் அதைக் கரையேற்றித் தாமே பழுதுபார்த்தால் கூலி மிச்சம். படகின் குணமும் பழகும். வரவேற்க வேண்டியதே. ஆனால், எதைத் தானே செய்யலாம், எதைச் செய்யக் கூடாது என்ற வரம்பு வேண்டும்.

அடிப்பாகத்தைச் சுரண்டி வர்ணம் பூசலாம். புரொப்பல்லரை உப்புநீர் அரிப்பிலிருந்து காக்கும் துத்தநாகக் கட்டி பாதி கரைந்ததும் மாற்றலாம். அதன்மேல் மட்டும் வர்ணம் படக் கூடாது. என்ஜினைக் குளிர்விக்கக் கடல்நீர் இழுக்கும் பம்பின் ரப்பர்ச் சக்கரம் சிறிய சாமான்தான். அது கிழிந்தால் என்ஜினே சூடேறிக் கெடும். ஆண்டுக்கொரு முறை கழற்றிப் பார்ப்பது கஷ்டமல்ல.

நீர்மட்டத்துக்குக் கீழுள்ள குழாய்கள், பெட்ரோல் இணைப்பு, மின்கம்பி ஆகியவை வேறு. ஒரு கிளிப் துருப்பிடித்து அறுந்தால், கட்டிப்போட்ட இடத்திலேயே படகு மூழ்கும். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, அடித்தட்டில் தங்கிவிடும். ஒரு பொறி போதும். இவற்றைத் தேர்ந்த மெக்கானிக் பார்த்தே தீர வேண்டும்.

வெள்ளோட்டத்திலும் எச்சரிக்கை தேவை. 2024 டிசம்பர் 18-ல் மும்பைத் துறைமுகத்தில் என்ஜின் சோதனையில் இருந்த கடற்படைப் படகு கட்டுப்பாடிழந்து, எலிஃபண்டா சென்ற பயணிப் படகில் மோதியது. 10-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். பயணிகள் செல்லும் வழியில் சோதனை ஓட்டம் கூடவே கூடாது.

மிச்சமாகும் பணம் முதலாளியுடையது. பணயமாவது கலாசியின் உயிர். உரிமையாளர்கள் இதை மறக்கலாகாது.