கேளாமல் எடுத்த நிலம்
டோக்கியோ விமான நிலையம் சொல்லும் பாடம்

விமானத்தில் ஏறாதவனுக்கு விமான நிலையத்தைப் பற்றி என்ன பேச்சு? மில்லில் இரவு ஷிப்டு முடித்து வரும் தோழரும், நடவு முடித்துக் கரையேறும் தோழரும் இப்படிக் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் ஆகாயத்தில் பறக்கிற விமானம் முதலில் தரையில் ஓட வேண்டும். அந்தத் தரை யாருடையது? அதில் நேற்று வரை உழுதவன் யார்? இப்படிக் கேட்ட மாத்திரத்தில் விஷயம் நம்முடையதாகி விடுகிறது.

ஜப்பான் தேசத்தின் தலைநகரான டோக்கியோவுக்கு இரண்டு பெரிய விமான நிலையங்கள் உண்டு. ஒன்று ஹானெடா, மற்றொன்று நரிதா. இரண்டின் சரித்திரத்தையும் நாம் தெரிந்துகொள்ள வேண்டும். கட்டடத்தின் அழகையும் ஓடுபாதையின் நீளத்தையும் மெச்சுவதற்காக அல்ல. ஜனங்களைக் கேளாமல் ஒரு சர்க்கார் நிலத்தில் கை வைத்தால் என்ன ஆகும் என்பதை அறிவதற்காக.

நாற்பத்தெட்டு மணி நேரம்

தாமா நதி கடலில் கலக்கும் இடத்தில் ஹானெடா விமான நிலையம் 1931 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. அன்று அதன் ஓடுபாதை வெறும் 300 மீட்டர். அங்கிருந்து சீனாவின் டைரன் துறைமுகத்துக்குப் புறப்பட்ட முதல் விமானத்தில் பயணி ஒருவர்கூட இல்லை. கூண்டில் அடைத்த பாடும் பூச்சிகளை ஏற்றிக்கொண்டு அது போயிற்று. விமானப் பயணம் அந்நாளில் எத்தனை சிலருக்கு உரியதாக இருந்தது என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

விமான நிலையத்தை ஒட்டி மீனவர்களும் சிறு கடைக்காரர்களும் வாழ்ந்த மூன்று ஊர்கள் இருந்தன. 1945ல் ஜப்பான் யுத்தத்தில் தோற்றது. அமெரிக்கப் பட்டாளம் ஹானெடாவுக்குள் நுழைந்தது. ராணுவ விமானங்களுக்கு அந்த ஓடுபாதை போதவில்லை. செப்டம்பர் 21ந் தேதி உத்தரவு பிறந்தது: 48 மணி நேரத்தில் ஊர்களைக் காலி செய்ய வேண்டும்! குண்டு வீச்சுக்குத் தப்பிப் பிழைத்த சுமார் 3,000 பேர் சட்டி பானைகளைக் கைவண்டியில் போட்டுக்கொண்டு வெளியேறினார்கள். யுத்தத்தை நடத்தியது சக்கரவர்த்தியின் சர்க்கார். ஜெயித்தது அமெரிக்கா. வீட்டை இழந்தது யுத்தத்துக்கு நாள் குறிக்காத மீனவன்.

1952ல் விமான நிலையத்தின் ஒரு பகுதியும், 1958ல் முழுவதும் ஜப்பானுக்குத் திரும்பி வந்தன. ஆனால் ஊர்கள் திரும்பி வரவில்லை. அங்கிருந்த கோயிலின் சிவப்பு வாயில் வளைவு மட்டும் விமான நிலையத்துக்கு நடுவே தன்னந்தனியாக நின்றது. 1999ல் அதையும் பெயர்த்து ஓரத்தில் கொண்டு போய் வைத்தார்கள். இங்கே ஓர் ஊர் இருந்தது என்பதற்கு அது ஒன்றுதான் அடையாளம்.

பாதி நிலம், பழைய பாதை

1960க்குப் பிறகு ஜெட் விமானங்கள் பெருகின. ஹானெடாவில் இடம் நெருக்கடியாயிற்று. டோக்கியோவுக்கு மேற்கே உள்ள ஆகாயமோ யோகோட்டா அமெரிக்க ராணுவ விமான தளத்தின் ஆதிக்கத்தில் இருந்தது. சொந்த நாட்டு ஆகாயத்தில் சொந்த விமானம் சுற்றி வளைத்துப் பறக்க வேண்டிய நிலை! வேறு இடம் தேடியது சர்க்கார்.

1965 நவம்பரில், டோக்கியோவுக்குக் கிழக்கே சிபா ஜில்லாவில் உள்ள தோமிசாதோ என்று அறிவித்தார்கள். கேட்டது சுமார் 2,300 ஹெக்டேர், அதாவது 5,600 ஏக்கருக்கு மேல். குடியானவர்கள் கொதித்தெழுந்தார்கள். சர்க்கார் பின்வாங்கியது. பின்வாங்கியதே தவிர, பாடம் கற்றதா? இல்லை. 1966 ஜூனில், பக்கத்தில் உள்ள சான்ரிசூகாவின் மேல் கண் வைத்தது. அங்கே சக்கரவர்த்தி குடும்பத்துக்குச் சொந்தமான பெரிய கால்நடைப் பண்ணை இருந்தது. ஆகவே பிறரிடம் வாங்க வேண்டிய நிலம் குறையும். மற்றவர்கள் ஏழைக் குடியேற்றக்காரர்கள். பணத்தைக் காட்டினால் போய்விடுவார்கள். இதுதான் மேலே இருந்தவர்கள் போட்ட கணக்கு.

நிலம் இழக்கப் போகிறவர்களை ஒரு வார்த்தை கேட்டார்களா? கேட்கவில்லை. தங்கள் வயலில் விமானம் இறங்கப் போகிறது என்பதை அவர்கள் செய்தியில்தான் தெரிந்துகொண்டார்கள். ஜூலை 4ந் தேதி மந்திரிசபை தீர்மானம் போட்டு விட்டது. எடுப்பது ஆயிரம் ஹெக்டேருக்கு மேல், மூன்று ஓடுபாதைகள். 1971ல் முதல் கட்டம் திறப்பு விழா!

யார் இந்தக் குடியேற்றக்காரர்கள்?

இதை நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டும். யுத்தம் முடிந்த பின் ஜப்பானில் நிலச் சீர்திருத்தம் நடந்தது. பெரும் நிலப்பிரபுக்களின் பிடி தளர்ந்தது. சக்கரவர்த்தியின் பண்ணை நிலத்திலும் ஒரு பகுதி பிரித்துக் கொடுக்கப்பட்டது. மஞ்சூரியாவிலிருந்து வெறுங்கையோடு திரும்பியவர்கள், பூர்வீக நிலம் அண்ணனுக்குப் போய்விட நிலமில்லாமல் நின்ற தம்பிமார்கள் முதலியோர் அங்கே குடியேறினார்கள். குடிசை போட்டுக்கொண்டு, மண்வெட்டியால் வேரைக் கல்லி, தரிசைக் கழனியாக்கினார்கள். வேர்க்கடலையும் சர்க்கரைவள்ளியும் விளைந்தன. பட்டுத் தொழிலை வளர்க்கப் போகிறோம், மல்பெரி நடுங்கள் என்று அதிகாரிகள் சொன்னதை நம்பி மல்பெரியும் நட்டார்கள். செடி வேர் பிடித்த சமயத்தில் அதே சர்க்கார் நிலத்தைக் கேட்டது.

இருபது வருஷ உழைப்பு அது. கூலிக்கு உழுபவன் கையில் முதன்முதலாகச் சொந்த நிலம் வந்தால் அது அவனுக்கு என்ன என்பதை விவசாயத் தொழிலாளிக்கு நாம் விளக்க வேண்டியதில்லை. அதை நஷ்டஈட்டுக் கணக்கில் எந்தப் பத்தியில் எழுதுவது?

நிலக்காரர்களில் பலர் விலை பேசிக்கொண்டு போனார்கள். கடனும் குடும்பமும் உள்ளவர்களை நாம் குறை சொல்வதற்கில்லை. மற்றவர்கள் எதிர்ப்புச் சங்கம் கண்டார்கள். விவசாயக் கருவிகள் விற்றுவந்த தோமுரா இஸ்ஸாகு தலைவரானார். இளைஞர் படை, பெண்கள் படை, முதியோர் படை, சிறுவர் படை என்று ஊரே திரண்டது. நிலத்தைச் சிறு சிறு துண்டுகளாக்கி ஆதரவாளர்கள் பலர் பெயரில் எழுதி வைத்தார்கள். டோக்கியோவிலிருந்து மாணவர்களும் வந்து சேர்ந்தார்கள்.

1971ல் நடந்தது

1971 பிப்ரவரியில் பலவந்தமாக நிலமெடுப்பு தொடங்கியது. பெண்கள் மரங்களோடு தங்களைச் சங்கிலியால் பிணைத்துக்கொண்டார்கள். ஆண்கள் பூமிக்குள் சுரங்கம் தோண்டி அதற்குள் உட்கார்ந்தார்கள். புல்டோசரும் தண்ணீர்ப் பீரங்கியும் வந்தன. செப்டம்பர் 16ந் தேதி இரண்டாவது நிலமெடுப்பின்போது நடந்த மோதலில் மூன்று போலீஸ்காரர்கள் மாண்டார்கள். அவர்களும் தாய்மார் பெற்ற பிள்ளைகளே. உத்தரவு போட்ட மந்திரிகள் ஒருவரும் அந்தக் களத்தில் நிற்கவில்லை.

செப்டம்பர் 20ந் தேதி ஓகி யோனே என்ற மூதாட்டி தன் வீட்டு வாசலில் கதிரடித்துக்கொண்டிருந்தார். இன்று வர மாட்டோம் என்று சொன்ன அதிகாரிகள் அன்றே வந்தார்கள். அவரைத் தூக்கி அப்புறப்படுத்தி விட்டு, வீட்டைத் தரைமட்டமாக்கினார்கள். பத்து நாள் கழித்து, இளைஞர் படையைச் சேர்ந்த 22 வயது விவசாயி ஒருவர், இந்த மண்ணுக்கு விமான நிலையத்தைக் கொண்டு வந்தவர்களைச் சபித்துக் கடிதம் எழுதி வைத்துவிட்டு உயிரை மாய்த்துக்கொண்டார்.

விவசாயிகள் தனித்து நிற்கவில்லை. விமானத்துக்கு வேண்டிய எண்ணெயைக் குழாய் வழியே கொண்டுவரும் திட்டம் தாமதமாயிற்று. ரயிலில் கொண்டுவர ஏற்பாடு செய்தார்கள். சிபா பகுதி ரயில் என்ஜின் தொழிலாளர்கள் அந்த எண்ணெய் வண்டியை ஓட்ட மறுத்துப் போராடினார்கள். வயலில் நிற்கிறவனுக்காக என்ஜினில் நிற்கிறவன் தன் சம்பளத்தையும் வேலையையும் பணயம் வைத்தான். தொழிலாளி விவசாயி ஒற்றுமை என்று நாம் மேடையில் பேசுகிறோமே, அது நடைமுறையில் இப்படித்தான் இருக்கும்.

போராட்டத்தின் குறைகளையும் நாம் மறைக்கக் கூடாது. 1978 மார்ச் 26ந் தேதி, திறப்பு விழாவுக்கு நான்கு நாள் முன்பு, தீவிரவாதக் குழுவினர் சாக்கடை வழியாகப் புகுந்து கட்டுப்பாட்டுக் கோபுரத்தைப் பிடித்து இயந்திரங்களை நொறுக்கினார்கள். திறப்பு விழா மே 20ந் தேதிக்குத் தள்ளிப் போயிற்று. அதனால் குடியானவனின் ஓர் ஏக்கராவது திரும்பி வந்ததா? வெளியிலிருந்து வந்த குழுக்களின் சண்டை, விவசாயிகளின் சண்டையை மூடத் தொடங்கியது. 1983ல் எதிர்ப்புச் சங்கமே இரண்டாகப் பிளந்தது. போராட்டத்தின் கயிறு யாருக்காகப் போராடுகிறோமோ அவர்கள் கையிலேயே இருக்க வேண்டும். அது நழுவினால் சர்க்காருக்குத்தான் லாபம்.

கேளாததன் விலை

சர்க்கார் ஜெயித்ததா? கணக்குப் பார்ப்போம். 1971ல் திறக்க வேண்டிய நரிதா 1978ல் திறந்தது. மூன்று ஓடுபாதைகள் என்று சொன்ன இடத்தில் 4,000 மீட்டர் நீளமுள்ள ஒன்றே ஒன்று இருந்தது. சுற்றிலும் வேலியும் போலீஸ் காவலும். உள்ளே வருவோர் எல்லோரும் வாசலிலேயே அடையாளச் சீட்டைக் காட்ட வேண்டும். அந்தச் சோதனை 2015 வரையில் நீடித்தது. இரண்டாவது ஓடுபாதை 2002 ஏப்ரலில்தான் வந்தது. அதையும் நினைத்தபடி 2,500 மீட்டருக்குப் போட முடியவில்லை. குறுக்கே விற்காத நிலம் இருந்ததால் 2,180 மீட்டரோடு திறந்தார்கள். பிறகு எதிர்ப்புறமாக நீட்டி 2009ல் 2,500 ஆக்கினார்கள். மந்திரிசபை தீர்மானம் போட்ட நாளிலிருந்து எண்ணினால் 43 வருஷம்!

கடைசியில் சர்க்கார் எங்கே வந்து சேர்ந்தது? 1991 நவம்பரில் விவசாயிகளும் அதிகாரிகளும் ஒரே மேஜையில் உட்கார்ந்து பகிரங்கமாகப் பேசத் தொடங்கினார்கள். 1993 மே வரையில் 15 தடவை கூடினார்கள். இனிப் பலவந்தமாக நிலம் எடுப்பதில்லை என்று சர்க்கார் வாக்குக் கொடுத்தது. 1995ல் பிரதம மந்திரி முராயாமா விவசாயிகளிடம் மன்னிப்புக் கேட்டார். 1966ல் ஒரு மாதம் மரத்தடியில் உட்கார்ந்து பேசியிருந்தால் முடிந்திருக்கக் கூடிய காரியத்துக்கு 29 வருஷமும், இத்தனை உயிர்களும் வேண்டியிருந்தன. மன்னிப்பு நல்லதுதான். ஆனால் யோனேக் கிழவி 1973லேயே இறந்து போனார்.

இன்னொன்றும் கவனியுங்கள். ஹானெடாவில் இடமில்லை என்றுதானே நரிதாவுக்குப் போனார்கள்? பின்னர் அதே ஹானெடாவில் கடலைத் தூர்த்து நிலம் உண்டாக்கினார்கள். நதி முகத்தில் தூண்கள் நிறுத்தி, 2010 அக்டோபரில் நான்காவது ஓடுபாதையையும் திறந்தார்கள். வெளிநாட்டு விமானங்கள் மறுபடி அங்கே இறங்குகின்றன. தொழில் நுணுக்கம் வளர்ந்தது உண்மை. ஆனால் வேறு வழியே இல்லை என்று அதிகாரி சொல்லும்போது, ஏழைக்கு வலிக்காத வழியை அவர் எத்தனை நாள் தேடினார் என்று கேட்கும் உரிமை நமக்கு உண்டு.

வாக்குக் கொடுத்த பிறகாவது எல்லாம் சுமுகமாயிற்றா? 2020ல் நரிதாவில் மூன்றாவது ஓடுபாதைக்கு அனுமதி கொடுத்தார்கள். 2023 பிப்ரவரியில், ஓடுபாதையின் ஓரத்தில் தலைமுறையாக உழுது வந்த ஒரு குடும்பத்தின் வயலுக்குக் கோர்ட் தீர்ப்போடு வந்தார்கள். இரவோடு இரவாக அங்கிருந்த கோபுரத்தையும் கொட்டகையையும் அகற்றினார்கள். முன்பு கையில் தடி; இப்போது கையில் தீர்ப்பு.

நாம் சொல்வது

நாம் விமானத்துக்கு விரோதிகள் அல்ல. விமானமும் ஓடுபாதையும் தொழிலாளியின் கையும் மூளையும் செய்தவை. நோயாளிக்கு மருந்து கொண்டு போவதும், வெள்ளத்தில் தவிப்பவனுக்கு உதவி கொண்டு போவதும் விமானந்தான். நாளை உழைப்பாளியின் மகளும் அதில் ஏறட்டும். அதுவே நமது ஆசை.

நாம் எதிர்ப்பது ஒரு வழக்கத்தை. நகரத்துக்கு வசதி வேண்டும் என்றால் கிராமம் காலி செய்ய வேண்டும், முடிவை மேலே இருப்பவர் செய்வார், விலையைக் கீழே இருப்பவர் கொடுப்பார் என்ற வழக்கத்தை. 1945ல் அந்நியப் பட்டாளம் 48 மணி நேரம் கொடுத்தது. 1966ல் சொந்த சர்க்கார் அந்த முன்தகவலைக்கூடக் கொடுக்காமல் முடிவு செய்தது. சீருடை மாறியது, முறை மாறவில்லை.

எனவே எந்த நாட்டில் எந்தத் திட்டம் வந்தாலும் உழைக்கும் மக்கள் கேட்க வேண்டியவை இவை: நிலம் இழப்பவனைக் கேட்டீர்களா? அந்த நிலத்தில் கூலிக்குப் பாடுபட்டவனுக்கு, பட்டாவில் பெயர் இல்லாதவனுக்கு, என்ன செய்யப் போகிறீர்கள்? வேறு இடம் தேடினீர்களா? வாக்குறுதியை எழுதிக் கொடுப்பீர்களா?

இந்தக் கேள்விகளுக்கு முதலிலேயே பதில் சொல்லும் சர்க்காருக்குக் கண்ணீர்ப்புகை வேண்டாம், வேலி வேண்டாம், முப்பது வருஷம் கழித்து மன்னிப்பும் வேண்டாம். நரிதாவின் ஓடுபாதை ஓரத்து வயல் உலகத்துக்குச் சொல்லும் சேதி அதுதான்.