மீன்காரியின் கேள்வி

சென்ற ஞாயிற்றுக்கிழமை நம் வீட்டில் கானாங்கெளுத்திக் குழம்பு. உண்டு கை கழுவி அரைமணி ஆகவில்லை; நம் முகம் தக்காளிப் பழமாகச் சிவந்தது. தலை கனத்தது, நெஞ்சு படபடத்தது. அப்பால் வயிறு தன் கைவரிசையைக் காட்டத் தொடங்கிற்று. அதை விஸ்தரிப்பது நாகரிகமன்று. பத்து வயதுப் புதல்விக்கும் அதே கதி. அன்று விரதமிருந்த வீட்டு அம்மாள் மட்டுமே சௌக்கியம்!

அண்டை அயலார் ஆளுக்கொரு தீர்ப்புச் சொன்னார்கள். "மீனுக்குமேல் மோர் குடித்திருப்பீர்கள்" என்றார் ஒருவர். "நெய்வேலிச் சூடு" என்றார் இன்னொருவர். நமக்கோ மீன்காரியின்மீதே சந்தேகம். கடலூர்த் துறைமுகம் நம் நகரியத்துக்கு ஒரு மணி நேரப் பிரயாணந்தான். அவ்வளவு அருகிலிருந்து கெட்ட மீனையா கொண்டு வருவது?

குழந்தையை வைத்தியரிடம் தூக்கிச் சென்றோம். அவர் மருந்து கொடுத்துவிட்டு விளக்கினார்: "மீன் உங்களுக்கு ஒத்துக்கொள்ளாமற் போகவில்லை. கானாங்கெளுத்தி, சூரை, மத்தி போன்ற மீன்கள் குளிர்ச்சியின்றிக் கிடந்தால், கிருமிகள் அவற்றின் சதையில் ஹிஸ்டமின் என்னும் பொருளை உண்டாக்குகின்றன. உண்டான பிறகு, கொதிக்க வைத்தாலும் பொரித்தாலும் அது போகாது. மணத்திலும் தெரியாமலிருக்கலாம்."

மறுநாட் காலை நியாயம் கேட்கப் புறப்பட்டோம். மீன்காரி பதறவில்லை. "ஏழு மணிக்கு வாங்கினீங்க சாமி. அம்மா எத்தனை மணிக்கு அடுப்பில வச்சாங்க?" என்றாள்.

நாம் வாயடைத்து நின்றோம். மீன் பையை ஸ்கூட்டரில் மாட்டிவிட்டு, சிநேகிதருடன் காப்பி அருந்தி, தேச விவகாரங்களையெல்லாம் தீர்த்துவைத்து, வீடு திரும்பியபோது மணி பதினொன்று! வெயிலில் கிடந்த அந்த நான்கு மணி நேரத்தை நாம் யாரிடமும் சொல்லவில்லை; வைத்தியரிடங்கூட.

அவள் மேலும் சொன்னாள்: "ஐஸுக்குக் காசு கொடுத்துத்தான் கொண்டாறேன். நீங்க பத்து ரூபா குறைன்னா, நான் எதைக் குறைக்கிறது?" ஒவ்வொரு வாரமும் வெற்றியுடன் பேரம் பேசியவர் நாமே.

வாசகர்கள் நம்மைப்போல் தண்டனை பெற வேண்டாம். மீன் வாங்குவதைக் கடைசி வேலையாக வைத்துக்கொள்ளுங்கள். ஐஸுடன் வாங்கி, நேரே வீட்டுக்கு வாருங்கள். உடனே சமைக்காவிடில் 4 டிகிரிக்கு மேற்படாத குளிர்ச்சியில் வையுங்கள்.

வயிற்றுப்போக்குக் கண்டால் ஒரு லிட்டர் சுத்தமான நீரில் ஆறு மட்ட டீஸ்பூன் சர்க்கரையும் அரை டீஸ்பூன் உப்பும் கரைத்துச் சிறுகச் சிறுகக் கொடுங்கள். 1971-ல் வங்காளதேச அகதிகளிடையே காலரா பரவியபோது, டாக்டர் திலீப் மகலனாபிஸ் உப்பும் சர்க்கரையும் கலந்த கரைசலைக் கொண்டே எண்ணற்ற உயிர்களைக் காத்தார்.

ஆனால் மட்டி முதலியவற்றை உண்டபின் உதடும் நாவும் மரத்தால், வீட்டு வைத்தியம் வேண்டாம், ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். 1981-ல் கல்பாக்கத்தையடுத்த வாயலூரில் விஷமேறிய மட்டியை உண்டு மூவர் மாண்டனர். 85 பேர் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டனர்.

புதல்வி இப்போது நலம். இந்த ஞாயிறு அவள் நம்முடன் சந்தைக்கு வந்தாள். நாம் பழக்கதோஷத்தால் பேரத்துக்கு வாய் திறந்தோம். குழந்தை நம் சட்டையைப் பிடித்திழுத்து, "அப்பா, ஐஸ்!" என்றாள். கேட்ட விலையைக் கொடுத்துவிட்டு நேரே வீடு வந்து சேர்ந்தோம்.