இருபத்திரண்டு ரூபாய்

2025 ஜூலை முதல் தேதி மெயில், எக்ஸ்பிரஸ் வண்டிகளின் குளிர்வசதியற்ற வகுப்புகளுக்குக் கிலோமீட்டருக்கு ஒரு காசு ஏறிற்று. டில்லியிலிருந்து சென்னை சுமார் 2,180 கிலோமீட்டர். ஆக, 22 ரூபாய். நான் வாங்கும் பத்திரிகைகள் இரண்டு. ஒன்று ‘கொடுமை’ என்று அலறிற்று. மற்றது ‘அற்பம்’ என்று தாலாட்டிற்று. முதியோர் சலுகையைப் பற்றி இரண்டிலும் ஒரு வரி காணோம்.

அறுபது கடந்த ஆடவர்க்கு 40, ஐம்பத்தெட்டு கடந்த மகளிர்க்கு 50 சதவிகிதம் என்றிருந்த சலுகை, 2020 மார்ச்சில் கொரோனாவை முன்னிட்டு நிறுத்தப்பட்டது. நோய் தணிந்தது, சலுகையோ 2025-இலும் திரும்பவில்லை. பேரனைக் காண ஊரிலிருந்து வரும் பாட்டிக்கு, முன்பு வந்து திரும்ப ஆன பணம் வருவதற்கே ஏறக்குறையச் சரியாகிவிடுகிறது. “எப்போது தருவீர்கள், தம்பி?” என்று டிக்கட் கவுண்டரில் இருக்கும் என்னைத்தான் கேட்கிறார்கள். பத்திரிகாசிரியருக்கு அந்தத் தொல்லை இல்லை.