பேட்டரியும் கருவிதான்

பர்கூர் என்றால் கிரானைட்டும் ஜவுளிக் கடைகளும் நினைவுக்கு வரும். அதே கிருஷ்ணகிரி மாவட்டத்தில், ஓசூரிலும் போச்சம்பள்ளியிலும், பேட்டரியில் ஓடும் ஸ்கூட்டர்கள் தயாராகின்றன. ஆனால் பட்டா இல்லாத இடத்தில் சிறு பட்டறை போட நினைக்கும் நம் பிள்ளைகளுக்கு மின் இணைப்பு வாங்குவதே பெரும்பாடு. இன்வெர்ட்டரை நம்பித் தொழில் தொடங்கலாமா என்று கேட்கிறார்கள்.

தொடங்கலாம். ஆனால் கணக்குத் தெரியாமல் இறங்கினால் கடன்தான் மிஞ்சும்.

12 வோல்ட், 150 ஏ.எச். பேட்டரியில் இருப்பது 1,800 வாட்-மணி. லெட்-ஆசிட் பேட்டரியைத் தினமும் பாதிக்கு மேல் தீர்த்தால் சீக்கிரம் செத்துவிடும். ஆக, கைக்கு வருவது 900. இன்வெர்ட்டரில் வீணாவதையும் கழித்தால், 850 வாட் கிரைண்டர் முழுச் சுமையில் ஒரு மணி நேரம்கூட ஓடாது. மோட்டார் கிளம்பும் நொடியில் இழுக்கும் மின்சாரமோ பல மடங்கு. வீட்டு விளக்குக்கும் ஃபேனுக்கும் வாங்கிய இன்வெர்ட்டர் அங்கேயே நின்றுவிடும். பெரிய இன்வெர்ட்டர், சோலார் பலகைகள், முடிந்தால் லித்தியம் பேட்டரி என்று போட்டால்தான் நாள் முழுக்க வேலை நடக்கும். அதற்கு முதலிலேயே பணம் வேண்டும். தலைமுறை தலைமுறையாக நிலமும் முதலும் மறுக்கப்பட்டவர்களிடம் இல்லாதது அதுதான்.

1942 முதல் 1946 வரை வைசிராய் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்த அண்ணல் அம்பேத்கரின் பொறுப்பில்தான் மின்சாரமும் இருந்தது. மலிவான மின்சாரம் இல்லாமல் தொழில்மயம் இல்லை, தொழில்மயம் இல்லாமல் வறுமையிலிருந்து மீட்சி இல்லை என்று 1943இல் அவர் வாதிட்டார்.

அவர் பெயரால் 2023இல் தமிழக அரசு தொடங்கிய தொழில் முன்னோடிகள் திட்டம், பட்டியல் சாதி, பழங்குடித் தொழில்முனைவோருக்கு 35 விழுக்காடு மூலதன மானியம் தருகிறது. விண்ணப்பிக்கும் தோழர்களே, திட்ட அறிக்கையில் கிரைண்டரோடு நிறுத்தாதீர்கள். பேட்டரி, இன்வெர்ட்டர், சோலார் செலவையும் எழுதுங்கள். அதிகாரிகளும் வங்கிகளும் அவற்றைக் கருவியாகவே ஏற்க வேண்டும். மின்சாரம் இல்லாத பட்டறையில் கிரைண்டர் வெறும் இரும்பு.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறோம். சோலாரைக் காட்டி, கம்பி இழுக்கும் கடமையிலிருந்து யாரும் தப்பிக்கக் கூடாது. ஊருக்குக் கம்பி, சேரிக்குப் பேட்டரி என்றால் அது புதிய இரட்டைக் குவளை. பேட்டரி இன்றைக்கு வேலை நடக்க. பட்டாவும் மின் இணைப்பும் நம் உரிமை. இரண்டையும் சேர்த்தே கேட்போம்.